மூன்றாவது சேனல்

ஒரு மணிக்கு அடைத்தாக வேண்டும்.
அதற்குள் தீர்த்துவிட வேண்டுமாம்
யார் பெரிய ஆள் என்று.

இந்திரா நகர், இரண்டாம் மாடி,
சிந்திய பீர் காய்ந்து செருப்பைப் பிடித்திழுக்கும் தரை.
நான் ஒலி மேசைக்குப் பின்னால்.
மூன்றாவது சேனல் எப்போதும் கிடாருக்கு.
பதினோரு வருடமாக இங்கே வருகிறவர்களை
முகம் பார்த்து அறிந்ததில்லை,
ஊசி துடிப்பதைப் பார்த்துத்தான்.

பெள்ளியப்பா ஹென்ட்ரிக்ஸ் கட்சி.
வலக்கைக்காரன்,
என்றாலும் இடக்கைக் கிடார் ஒன்றைக்
கடன் வாங்கியாவது வாங்கித்
தலைகீழாய்ப் பிடித்திருக்கிறான்.
அந்த வாசிப்பு
கேஸைத் திறந்துவிட்டுத்
தீப்பெட்டி தேடப் போகிறவனுடையது.
பற்றினால் சமையலறை மொத்தமும் பற்றும்.
ஆம்ப்ளிஃபயரின் ஊளையைக்கூட
ஏழாவது நரம்பாய் எண்ணி மீட்டிய கை,
என்கிறான், மேசையைக் குத்தி.
என் ஊசி சிவப்பில் ஒட்டிக்கொண்டு
இறங்க மாட்டேன் என்கிறது.

புஷ்பராஜுக்கு கில்மோர்.
ஒரு சுரத்தை மெல்ல வளைத்து மேலேற்றி
அங்கேயே நிறுத்திவிடுவார்.
அல்சூர் ஏரிக் கொக்கு
கால் மாற்றுவதற்குள்
மூன்று பேருந்து போய்விடும்.
"அதெல்லாம் சொந்த வீடு இருக்கிறவன் வாசிப்பு"
என்கிறான் பெள்ளியப்பா,
ஒன்றாம் தேதிக்கு நான்கு நாள் இருக்கையில்.

ஒயிட்ஃபீல்டிலிருந்து வந்த பொடியன் ஒருவன்
வான் ஹேலன், வான் ஹேலன் என்று
இரண்டு கையையும் கிடாரின் கழுத்தில் வைத்துத் தட்டுகிறான்.
தட்டச்சு ஹையர் தேறிய விரல்கள்.
பிழையே இல்லை.
எனக்கு மட்டும்
அதன் மேல்பாதி
வாயசைப்பாகவே வருகிறது.

யாருக்கும் சொன்னதில்லை.
இடக்காதில், நாலாயிரம் ஹெர்ட்ஸுக்கு மேல்,
இப்போது வெறும் பஞ்சு.
ஊசியைப் பார்த்துத்தான் ஓட்டுகிறேன்,
தூரப் பேருந்தின் பலகையை நிறத்தை வைத்துப் படிப்பதுபோல்.

லால்ரின்புயி கட்சி கட்டவில்லை.
ஐஸாலிலிருந்து வந்தவள்,
பகலில் பல் மருத்துவமனையில் வரவேற்பாளர்.
நரம்புகளைத் தளர்த்தினாள், இன்னும் தளர்த்தினாள்,
துணிக்கொடி போலத் தொய்யும்வரை.
அயோமி.
தகடு ஆலையில், வேலையின் கடைசி நாளில்,
நரம்பை அழுத்தவேண்டிய கையின்
இரண்டு விரல் நுனியை
இயந்திரம் கடித்துக்கொண்டதாம்.
பாத்திரம் கழுவும் சோப்பு பாட்டிலை உருக்கி
விரலுக்குத் தொப்பி செய்து போட்டுக்கொண்டாராம்.
வலிக்காமலிருக்க மெல்லிய நரம்பு,
பிறகு சுருதியும் இறங்கியது.
அவள் இதையெல்லாம் சொல்லவில்லை, எனக்குத் தெரியும்.
அவள் வாசித்தாள், அவ்வளவுதான்.

வந்தது,
காது வழியாக அல்ல,
நாற்காலியின் கால் வழியாக,
விலா வழியாக,
காலி கிளாஸ்கள் ஒன்றையொன்று உரச,
தண்ணீர் லாரி சந்துக்குள் பின்னோக்கி நுழைவதுபோல
முழுசாக,
ஒரு துளி குறையாமல்.

"அக்கா, நீங்க சொல்லுங்க, யாரு?"

நான் சொல்வதற்குள் படியில் பூட்ஸ் சத்தம்.
சப் இன்ஸ்பெக்டர் கையில் சின்னப் பெட்டி,
ஒலியை அளப்பது.
எரித்தவர், நிறுத்தியவர், தட்டியவர், தளர்த்தியவர்
எல்லோருக்கும் சேர்த்து
ஒரே எண் எழுதிக்கொண்டார்:
தொண்ணூற்றாறு.
மூன்றாவது சேனலை மெதுவாக இறக்கினேன்.
கட்டை விரலுக்கு அது தெரியும்,
பார்க்கத் தேவையில்லை.

கட்சிகள் முட்டை ரைஸ் வண்டிக்குப் போய்விட்டன,
அங்கேயும் கத்திக்கொண்டு.

கேபிளைச் சுருட்டிக்கொண்டிருந்தவள்
மேசையைச் சுற்றிவந்து
என் வலப்பக்கம் நின்றாள்.
யோசித்துப் பார்க்கிறேன்:
எட்டு மாதமாக
அவள் அந்தப் பக்கம்தான் நிற்கிறாள்.

"நாளைக்கு இன்னும் அரைச் சுரம் இறக்கட்டுமா அக்கா?"

புஷ்பராஜ் மறந்துபோன ட்யூனர்
மேடையில் பச்சையாய் மின்னிக்கொண்டிருந்தது.
இறக்கு, என்றேன்.